ஊதிப்போன காபிக் கவரும் கொளஞ்சியப்பரிடம் கட்டிய பிராதும்

செல்வராசு பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். கடைவீதியில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அதே செல்வராசுதான்.

இப்படி எழுத உட்கார்ந்தால் சாமி பேரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. கொளஞ்சியப்பர் பொறுத்துக்கொள்வார். கோபத்தோடு வருகிறவர்களின் பிராதைத்தானே அவர் தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

என் பெயர் மல்லிகா. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடத்தில் காபிக் கொட்டை வறுத்து விற்கிறேன். ஏற்காட்டிலிருந்து பச்சைக் கொட்டை வருகிறது. சின்ன மெஷின். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வறுப்பேன். சிக்கரி கலக்க மாட்டேன். கொட்டை பொறுக்கவும் பாக்கெட் போடவும் என்னோடு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் மூன்று வீட்டுக்கும் வருஷத்துச் சோறு மார்கழியில்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வரும்.

போன மார்கழியில் செல்வராசு பெரிய ஆர்டர் கொடுத்தார். நம்ம ஊர் பீங்கான் கோப்பை ஒன்று, என் காபிக் கொட்டை ஒரு கவர், இரண்டும் ஒரே பெட்டியில். பண்டிகைப் பரிசு.

புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து சில நாட்களுக்குக் காற்று வந்துகொண்டே இருக்கும். அது கெட்டுப்போனதால் வருவதல்ல, புதிதாக இருப்பதால் வருவது. அந்தக் காற்று வெளியே போக என் கவரில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். செல்வராசு தன் கடைப் பெயர் அச்சடித்த பளபளப்புக் கவரைக் கொண்டுவந்தார். அதில் வால்வு இல்லை.

“அண்ணே, இதுல போட்டா ஊதிக்கும். என் கவருல போட்டுத் தரேன், மேல உங்க பேர ஸ்டிக்கரா ஒட்டிக்குங்க” என்றேன்.

“ஊதுனா ஊதட்டும்மா. குண்டா இருந்தாதான் பாக்க ஜோரா இருக்கும். நீ கொட்டைய மட்டும் குடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

சிரித்துக்கொண்டே மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார். என் இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கவர்கள் ஊதின. பெட்டி மூடியே எழும்பி நின்றது. வாங்கியவர்கள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். உடனே இவர் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டார். மல்லிகா கெட்ட கொட்டையைத் தலையில் கட்டிவிட்டாளாம். புளியங்கொட்டை கலந்திருக்கிறாளாம். கவருக்குள் விஷவாயுவாம்.

நடந்ததை அதே குழுவில் எழுதினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மாதாமாதம் வாங்குகிறவர்கள்கூட. ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கட்டடக்காரர் வந்தார். “கேஸு கீஸுன்னு பேசிக்கறாங்கம்மா. பொங்கல் கழிச்சி காலி பண்ணிடுங்க. தப்பா நெனக்காதீங்க.”

தப்பாகத்தான் நினைத்தேன். மெஷினை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண்களிடம் எப்படிச் சொல்வது? அன்று வறுக்காமல் சும்மா கிடந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து குளித்துவிட்டு மணவாளநல்லூர் போனேன்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதி கொளஞ்சியப்பராக இருக்கும் முருகன் காலடியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் காவலுக்கு நிற்கும் முனியப்பர் முன் இருக்கும் சூலத்தில் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் வந்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். நான் அதிகம் எழுதவில்லை. “செல்வராசு பொய் சொல்லிவிட்டார். உண்மையை ஊர் முன்னால் கொண்டுவா.” அவ்வளவுதான்.

வரிசையில் எனக்குப் பின்னால் கருவேப்பிலங்குறிச்சிக்காரி ஒருத்தி நின்றாள். பெயர் தனம். கொழுந்தனோடு வரப்புத் தகராறு.

“உங்களுக்கு இன்னாக்கா பிராது?”

“காபிக் கொட்டை” என்றேன்.

“அந்த ஊதுன பாக்கெட்டா? எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதுக்கா. எம்மவன் வேல செய்யற எடத்துல குடுத்தாங்க. வெடிச்சிடும்னு எங்க மாமியாரு மாட்டுக் கொட்டாயில தொங்க வுட்ருக்குது. மாடு பாவம், பயந்துகிட்டு நிக்குது.”

அழுதுவிட்டு வந்தவள் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் பிராதைக் கட்டிவிட்டு, அவளோடேயே அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

தனம் போனில் வீடியோ எடுக்க, நான் கவரின் ஓரத்தைக் கத்தரித்தேன். புஸ்ஸென்று காற்று போனது. மாமியார் தெருவுக்கே ஓடிவிட்டார். பிறகு வாசனை வந்தது. அந்த வாசனைதான் அவரைத் திரும்ப உள்ளே கூட்டிவந்தது. மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, கறந்த பாலில் கலந்து கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்.

“இதையா வெசம்னு சொன்னான்? அவன் வாயில மண்ண போட. நீ குடும்மா இன்னொரு வாய்.”

கவர் ஏன் ஊதியது என்று நான் சொன்னதும் வீடியோவில் இருந்தது. தனம் அதை எல்லோருக்கும் அனுப்பினாள். மாமியார் ஓடியதைப் பார்த்துச் சிரித்தவர்கள், நான் சொன்னதையும் கேட்டார்கள். நல்லூரிலிருந்து போன் வந்தது. பெண்ணாடத்திலிருந்து வந்தது. போகி வரை மெஷின் நிற்கவில்லை. கட்டடக்காரர் வந்து காபி குடித்துவிட்டு, காலி பண்ணுகிற பேச்சையே எடுக்காமல் போனார்.

அந்த வரிசையில் எனக்குப் பின்னால் தனத்தை நிறுத்தியது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். முன்பெல்லாம் யாராவது அநியாயமாகப் பேசினால் வீட்டுக்கு வந்து அழுவேன். இப்போது முதலில் சாமியிடம் சொல்கிறேன், பிறகு அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறேன். உங்களுக்கும் அநியாயம் நடந்தால் நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். நடந்ததை எழுதிக் கட்டுங்கள். கொளஞ்சியப்பர் கேட்பார். என்னைக் கைவிடாதவர் உங்களையும் விட மாட்டார்.

“பிராத எப்பக்கா வாபஸ் வாங்கப் போறீங்க?” என்று தனம் கேட்டாள். இன்னும் வாங்கவில்லை. வியாபாரம் வந்துவிட்டது. நான் எழுதிக் கேட்டது உண்மையை. செல்வராசு சத்தமில்லாமல் அந்தப் போட்டோவை அழித்துவிட்டார். ஒரு வார்த்தை இல்லை.

செல்வராசு அண்ணே, போட்டோவை அழித்தால் சொன்ன பொய் இல்லாமல் போய்விடுமா? கவர் ஊதும் என்று நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? அதே குழுவில், அத்தனை வியாபாரிகளும் பார்க்க, உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள். அன்றைக்கே மணவாளநல்லூர் போய்ப் பிராதைத் திரும்பப் பெறுகிறேன். அதுவரை உங்கள் பெயர் முனியப்பர் சூலத்தில்தான் தொங்கும்.