கனகம்மாவுக்குக் கிடைத்த காப்புறுதி

திருகோணமலைப் பாலையூற்றில் இடியப்பம் என்றால் கனகம்மாதான். உட்துறைமுக வீதிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு அவளுடைய குசினியிலிருந்துதான் போனது. ஊரடங்கு எடுபட்டதும் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவாள். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்து காட்டிவிட்டு, வாழையிலையைத் திரும்ப மூடி, ஆவி ஆறமுதல் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். காலில் குண்டுச் சிதறல் பட்டதிலிருந்து கணவர் குணரத்தினத்துக்குப் பாரமான வேலை ஏலாது. தேங்காய் திருவுவதும் சம்பல் இடிப்பதும் அவர் பங்கு. பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் திரியாய். சண்டையில் ஊரே எழும்பி ஓடிய காலத்தில் அகதி முகாமில் கிடந்தபோது பழகியதுதான் புகையிலை. வெற்றிலையோடு ஒரு துண்டை இடது கன்னத்தில் ஒதுக்கிவிட்டால் மத்தியானம் வரை பசி தெரியாது. கிடைத்த சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இருக்க அது உதவியது. முகாமை விட்டு வந்து, அடுப்பு மூட்டி, மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கிய பிறகும் புகையிலை மட்டும் அவளை விடவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான் என்ற காப்புறுதி முகவர் துறைமுகத் தொழிலாளர்களிடம் அடிக்கடி வந்துபோவார். ஒருநாள் அவரைக் கனகம்மாவே மறித்தாள்.

"தம்பி, நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா என்ர அடுப்பு அணைஞ்சுபோகும். அதுக்கு உங்கட கம்பனியில ஏதும் வழி இருக்கோ?"

"இருக்கக்கா. வைத்தியச் செலவும் தருவாங்க, ஆஸ்பத்திரி வாட்டில இருக்கிற நாளுக்குப் படியும் தருவாங்க. நாளைக்கு வீட்ட வாறன்."

சொன்னபடி வந்தார். கதிரையில் இருந்து, வயது என்ன, நிறை என்ன, சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முடிந்ததும் கையெழுத்துப் போடப் பேனையை நீட்டினார்.

கனகம்மா பேனையை வாங்கவில்லை. "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

அவர் வாசித்தார். "புகையிலைப் பாவனை, இல்லை" என்ற இடம் வந்தது.

"நில்லுங்கோ தம்பி. அதை நீங்கள் என்னட்டக் கேக்கவே இல்லையே."

கலீலுர் றஹ்மான் சிரித்தார். "பொம்பிளையள்ட்ட அதை ஆரக்கா கேக்கிறது?"

"நான் போடுறனான். இப்பவும் வாயில கிடக்கு."

குணரத்தினம் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முகவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, புகையிலை பாவிக்கிற ஆக்களுக்கு வருத்தம் கூட வரும் எண்டு கம்பனி கணக்குப் பாத்து வச்சிருக்கு. 'ஓம்' எண்டு எழுதினா உங்களை ஆபத்துக் கூடின ஆக்கள்ர வகுப்பில போட்டுருவாங்க. கட்டுற காசும் கூடும், டாக்டரிட்டயும் அனுப்புவாங்க. திருகோணமலை எண்டதைப் பாத்த உடனயே முகத்தைச் சுழிக்கிற ஆக்கள் அவங்க. சண்டையில காயம் பட்டா ஒண்டும் தரவும் மாட்டாங்க."

"சண்டையை நான் துவக்கேல்ல. அதுக்கு என்னில குறை பிடிச்சா நான் என்ன செய்ய? ஆனா புகையிலையை நான்தானே வாயில வச்சனான். அதை ஏன் ஒளிப்பான்? பிறகு வருத்தம் வந்து படுக்கேக்க, பொய் சொன்னனீங்கள் எண்டு காசை மறிச்சா நீங்கள் வந்து நிப்பீங்களோ?"

முகவர் அந்த 'இல்லை'யை வெட்டித் திருத்தி எழுதினார். அதன் பிறகுதான் கனகம்மா கையெழுத்துப் போட்டாள்.

கம்பனி அவளைப் பரிசோதனைக்கு அனுப்பியது. நகரத்தில் டாக்டர் தவராசா நெஞ்சைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். புகையிலைக்காரி என்று தெரிந்தபடியால் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தும் பார்த்தார். வெளிச்சம் இடது கன்னத்தின் உட்புறத்தில் நின்றது. அங்கே வெள்ளையாக ஒரு படை.

"இது நோகிறேல்லையோ?"

"இல்லை டொக்டர். உறைப்புப் பட்டால் கொஞ்சம் எரியும். சுண்ணாம்புப் புண் எண்டு நினைச்சன்."

"நினைக்காதேங்கோ. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. இந்தக் கிழமையே போங்கோ."

அதே கிழமை கொழும்பிலிருந்து கம்பனியின் மறுமொழி வந்த அன்று கலீலுர் றஹ்மான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கூச்சப்பட்டார். "இப்ப எடுக்க மாட்டாங்களாம், அக்கா. வாய்க்கு மருந்து செஞ்சு, காலம் போனாப் பிறகு பாக்கலாமாம்."

குணரத்தினத்துக்குக் கோபம் வந்தது. "அந்த ஒரு சொல்லை விழுங்கியிருந்தா இப்ப கையில காப்புறுதி இருந்திருக்கும்."

"கையில காப்புறுதி இருந்திருக்கும். கன்னத்தில இது கிடந்து வளந்திருக்கும்" என்றாள் கனகம்மா. கண்டிக்குப் போவதற்குச் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கண்டியில் அந்தப் படையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாற வெளிக்கிட்டிருந்தது, ஆனால் மாறிவிடவில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கன்னத்தையே இழந்திருப்பீர்கள் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னதை, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குணரத்தினம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். மனைவியின் கையை அவர் விடவேயில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கும்போதும் பிடித்துக்கொண்டே நடந்தார்.

புகையிலையை விடுவதுதான் வெட்டிய புண்ணைவிடக் கொடுமையாக இருந்தது. தலை இடித்தது. கண்டபடி கோபம் வந்தது. ஒருநாள் சொதியில் உப்பைக் கொட்டிவிட்டாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் குலசிங்கம் "இண்டைக்குக் கடலை அள்ளி ஊத்தினனீங்களோ?" என்று கேட்க, "விருப்பமில்லாட்டிப் பேக்கரிக்குப் போ" என்று எல்லோர் முன்னாலும் சீறினாள். அடுத்த நாள் அவனுக்கு ஒரு பார்சல் சும்மா கொடுத்துச் சமாதானமானாள். வாய் பரபரத்தபோதெல்லாம் கராம்பைக் கடித்தாள். மாதங்கள் போகப் போக அந்தப் பரபரப்பும் அடங்கியது.

கம்பனி சொன்ன காலம் கடந்ததும் கலீலுர் றஹ்மானை அவளே திரும்பக் கூப்பிட்டு அனுப்பினாள். கண்டி அறிக்கைகள் போயின. டாக்டர் தவராசா மீண்டும் டோர்ச் அடித்தார். கன்னம் சுத்தமாக இருந்தது. கம்பனி அவளை எடுத்துக்கொண்டது. மற்றவர்களைவிடக் கூடக் கட்ட வேண்டும், வாயில் வரும் வருத்தத்துக்கு ஒன்றும் தரமாட்டோம் என்ற நிபந்தனைகளோடுதான். கனகம்மாவுக்கு அது குறையாகவே படவில்லை. துறைமுக வாசலில் இடியப்பத்தைக் கொடுத்துக்கொண்டே, "என்னை எடுத்திட்டினம். எல்லாத்தையும் சொல்லித்தான் எடுத்தவை" என்று வந்தவர் போனவர்களுக்கெல்லாம் சொன்னாள். படிவத்தில் சிகரட்டை மறைத்து எழுதியிருந்த ஓரிருவர் அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் பார்சலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பாலையூற்றில் வெற்றிலை போடும் பெண்களை அவள் சும்மா விடவில்லை. கிணற்றடியிலும் சங்கக் கடையிலும் மறித்து, "வாயைக் காட்டு" என்பாள். பக்கத்து வீட்டு நல்லம்மாவின் நாக்கோரத்தில் ஒரு சிவப்பைக் கண்டு, அவள் திட்டத் திட்ட டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அது வெறும் பல் உரசிய புண்தான். திரும்பி வரும்போதும் நல்லம்மா திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் அன்றோடு புகையிலையை நிறுத்திவிட்டாள்.

சில வருஷங்கள் புகையிலை இல்லாமல் போனபின், மேலதிகக் கட்டணத்தை எடுத்துவிடும்படி கலீலுர் றஹ்மான் கொழும்புக்கு எழுதினார். கனகம்மா கேட்காமலே எழுதினார். கம்பனி சம்மதித்தது. செய்தியைச் சொல்ல அவரே மனைவி சித்தி பரீதாவையும் கூட்டிக்கொண்டு, கிண்ணியாத் துறையைக் கடந்து வந்தார். "எங்கட கிளையில இப்பிடிக் கட்டுற காசு குறைஞ்ச முதல் ஆள் நீங்கதான்" என்றார். கனகம்மா இருவருக்கும் சுடச்சுட இடியப்பம் அவித்துப் போட்டாள். போதும் போதும் என்னும் வரை போட்டாள்.

சமாதானப் பேச்சு தொடங்குவதற்கு முந்திய வருஷம் பித்தப்பைக் கல்லுக்காக அவள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. கம்பனி மறுபேச்சில்லாமல் கொடுத்தது. வாட்டில் இருந்த நாட்களுக்கான படியில் நல்லம்மாவும் இன்னொருத்தியும் கூலிக்கு வந்து அவித்தார்கள். குணரத்தினம் நொண்டி நொண்டிக் கூடவே நின்று மாவுக்கும் தேங்காய்க்கும் கணக்குச் சொன்னார். துறைமுகத்தில் ஒரு நாளும் பார்சல் தவறவில்லை.

வீடு வந்த கனகம்மா, படுக்கச் சொன்ன மகள்மாரை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். அடுப்படியில் நின்ற நல்லம்மாவின் தட்டிலிருந்த இடியப்பத்தில் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள்.

"மா குழைச்சது காணாது, நல்லம்மா" என்றபடி கையைக் கழுவப் போனாள்.