இத்தாலியில் படியில்லாத வீடு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பாத்திரம் கழுவப் போன உணவகத்தையே பிறகு விலைக்கு வாங்கினேன். ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்டில், எங்கள் ஈழத்து ஆட்களில் வேறு யார் அப்படிச் செய்தது? ஆனாலும் விடுமுறை என்றால் லண்டனிலோ பாரிஸிலோ சொந்தக்காரர் வீட்டில்தான் பாய் விரித்துப் படுத்தோம்.

மனைவி இந்தக் கோடையைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், அவள் வெகுகாலமாக ஆசைப்பட்ட இத்தாலி நாட்டுப்புறத்தில் விடுமுறைக்கு வாடகை வீடு தேடினேன். அழகான கல்வீடுகளில் எல்லாம் படுக்கையறை மாடியில் இருந்தது. அவளால் படி ஏற முடியாது. கடைசியில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே, படியே இல்லாத ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். படித்த என் பிள்ளைகளுக்கு அது அகப்பட்டிருக்காது.

தொலைபேசியில் படங்களைப் பார்த்தவள், "வடிவான வீடுதான். அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அதாலதான் அமைதியா இருக்கும்."

"எனக்கு அங்க ஏதும் நடந்தா செத்தவீட்டுக்கு ஆரப்பா வருவினம்? அந்தத் தோட்டக்காரரோ?"

சமையலறைப் படத்தைக் காட்டினேன். "நல்ல பெரிசு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வீட்டை நான் பதிவு செய்யவில்லை. வேறு வீடும் தேடவில்லை.