ஸீ வியூ பங்களாவில் திரும்பிய படங்கள்

கொச்சிக்கடை அந்தோனியார் அறிய, இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் நாளைக் காலை என் பல்செட் கிளாஸுக்குள்ளிருந்து எழும்பி வந்து என்னையே கடிக்கட்டும். எழுபத்தெட்டு வயதில் பேய்களைப் பற்றிப் பொய் சொல்வது புத்தியல்ல. கொஞ்ச நாளில் அவர்களோடுதான் நான் போய் இருந்து பழகவேண்டும்.

இது நடந்தது போன ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில், கொட்டாஞ்சேனையில். நடுச்சாமமும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகலில், பட்டீஸும் சோடாவும் கொடுத்த ஒரு குடும்ப விழாவில் நடந்தது. நடந்தது என் பக்கத்து வீட்டு புளோறன்ஸுக்கு. கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். கோபக்காரி. மீன்காரன் நிறுவையில் விரல் வைத்தால் தராசையே தெருவில் எறிகிற ஆள். அவள் இந்தக் கதையைச் சொன்னபோது ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் நம்பினேன்.

ஸீ வியூ பங்களா என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் ஸீ வியூ. மாடியில் ஏறி நின்றாலும் கொள்கலன் லொறிகள்தான் தெரியும். ஒரு காலத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துப் பணம் சேர்த்த குடும்பத்தின் வீடு. பிறகு பூட்டிக் கிடந்தது. வௌவால்கள் வாடகை இல்லாமல் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் ‘மரபுரிமை’ என்று சொல்லிக்கொண்டு ஒரு குழு வந்து வெள்ளை அடித்தது. மண்டபத்துச் சுவர் நெடுக அந்தக் குடும்பத்தின் படங்கள் வந்தன. வாசலில் டிக்கட் வந்தது. ஓகஸ்டில் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை வரலாற்று முகாமும் வந்தது. கடைசி நாள் குடும்பத்தோடு போகவேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்துக்குக் கீழே நின்று, அந்தப் படத்தில் இருப்பவர் பேசுவதுபோலப் பேசவேண்டும்.

புளோறன்ஸின் மகள் ஷாமிலா அந்த முகாமில் சேர்ந்தாள். பதினொரு வயது. ஆராகப் பேசப்போகிறாள் என்று தாய்க்குச் சொல்லவில்லை.

“வந்து பாருங்க மம்மி. சர்ப்ரைஸ்.”

புளோறன்ஸுக்கு அந்த வீடு புதிதல்ல. அவளுடைய தகப்பன் செபஸ்தியன் அங்கே கார் றைவராக இருந்தவர். பின்பக்கத்து அறையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அந்த அறையிலேயே அவர் செத்தார். முன்வாசல் படியில் கால்வைக்க அவளை ஒருநாளும் விட்டதில்லை. தன் மகள் அதே வீட்டிலிருந்து சேர்ட்டிபிக்கட்டோடு வெளியே வரவேண்டும் என்றுதான் அவளை அனுப்பினாள். அதுவும் ஒருவிதக் கோபம்தான்.

முகாமின் கடைசி நாளன்றும் முன்கதவு பூட்டியிருந்தது.

“பழைய கதவு அக்கா. அதைத் திறக்கிறேல்ல. இப்பிடி வாங்க” என்றான் டிலான். முகாமுக்குப் பொறுப்பான பொடியன். கழுத்தில் அட்டை, முகத்தில் கழற்றத் தெரியாத சிரிப்பு. குசினிப் பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனான். அதே பின்வாசல். அதே கழிவு வாய்க்கால்.

மண்டபத்தில் கதிரைகளைச் சுவரோரமாகச் சுற்றிவர அடுக்கியிருந்தார்கள். செத்தவீட்டில் போடுவதுபோல. புளோறன்ஸுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பிறகு ஒரு வாசனை வந்தது. மெழுகுதிரி... பிரேதத்துக்குத் தெளிக்கிற ஓடிக்கொலோன். பட்டீஸ் வாசனைக்கு நடுவில் இது எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஷாமிலா கடைசிப் படத்துக்குக் கீழே, பின்வாசலுக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

“வணக்கம். என் பெயர் தெரியாது. நான் இந்த வீட்டில் வேலை செய்தவன்.”

படத்தில் ஒரு கறுப்புக் கார். கதவைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பதில் ஓர் ஊசி. அது புளோறன்ஸின் பள்ளிக்கூட டையில் குத்துகிற ஊசி. படம் எடுத்த அன்று காலை அவளிடம் வாங்கிக் குத்திக்கொண்டு போனவர் பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

கீழே அழகான எழுத்தில்: ‘பெயர் அறியப்படாத பணியாளர்’.

தன் தகப்பனுக்குக் கீழே நின்று தன் மகள் சொல்கிறாள், என் பெயர் தெரியாது என்று.

“தம்பி!” டிலான் ஓடிவந்தான். “இது என்ர அப்பா.”

“ஆ, அப்பிடியா அக்கா! சூப்பர்! ஒரு போட்டோ எடுப்பமே, பேஸ்புக்குக்கு...”

“பேர் செபஸ்தியன். கீழ போடும். என்ர பிள்ளை அந்தப் பேரைச் சொல்லித்தான் இண்டைக்குக் கதைக்கோணும்.”

“அது... குழுதான் முடிவெடுக்கோணும் அக்கா. ஆதாரம் கேப்பினம்.”

“ஆதாரம் உமக்கு முன்னால ரெண்டு காலில நிக்குது. தெரியேல்லையா?”

டிலான் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப நான் கழட்டிக்கொண்டு போறன்” என்று இரண்டு கையாலும் படத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரு நூல் அளவுகூட அசையவில்லை. கோபத்தில் கையில் பலமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“என்ன பிரச்சினை இங்க?”

ஷெரோமி. அந்த வீட்டுப் பேத்தி, இப்போது குழுவின் தலைவி. புளோறன்ஸின் வயதுதான். செபஸ்தியன் ஓட்டிய காரில் பள்ளிக்கூடம் போனவள். டிலான் விஷயத்தைச் சொன்னான். ஷெரோமி படத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

“எங்கட வீட்டில எத்தினையோ பேர் வேலை செய்தவை. எல்லாருக்கும் பேர் போட்டா சுவர் காணாது.”

“எல்லாரும் இங்க சாகேல்ல மேடம். இவர் செத்தவர்.”

“ப்ளீஸ். இண்டைக்கு ஃபமிலி டே. சத்தம் போடாதீங்க.”

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துச் செத்தவீட்டில் பிரேதம் உள்ளே இருக்கும்வரை சுவரில் உள்ள படங்களை எல்லாம் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவோம். முன்கதவால் பெட்டி போன பிறகுதான் திரும்ப முகம் காட்டலாம். செபஸ்தியன் செத்த அன்று அவருடைய மனைவி றஞ்சிதம் மண்டப வாசலில் நின்று, “அம்மா, படங்களைத் திருப்பிவிடட்டா?” என்று கேட்டாள். அந்த வீட்டு எஜமானியான பெரியம்மா சிரித்தாளாம். “றைவருக்காக எங்கட ஆக்கள் முகத்தைத் திருப்புறதா?” பெட்டி பின்வாசலால், வாய்க்காலுக்கு மேலால், சரித்துக்கொண்டுதான் போனது. உள்ளே அவர் ஒருபக்கம் உருண்ட சத்தம் புளோறன்ஸுக்குக் கேட்டது. ஒன்பது வயதுக் காதில் விழுந்தது. இன்னும் போகவில்லை.

மூன்றே முக்காலுக்கு வானம் இருட்டியது. இடி. மழை. கரண்ட் போனது. மின்விசிறிகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன.

“பரவாயில்ல, தொடங்குவம்!” என்றான் டிலான். ஆளுக்கொரு போன் வெளிச்சம் பிடித்தார்கள். முதல் பிள்ளை, ஒட்டு மீசையோடு, பெரிய மீசைக்காரர் படத்துக்குக் கீழே நின்று ஆரம்பித்தான்.

“இந்த வீட்டைக் கட்டியவன் நான்தான்...”

டக்.

அவன் தலைக்கு மேலே மீசைக்காரர் இல்லை. பழுப்பு நிற அட்டை. தூசி. மூலையில் உடைந்த பல்லி முட்டை ஓடு. படத்தின் முதுகு.

பிள்ளைகள் சிரித்தார்கள். டிலானும் சிரித்தான். “ஆர் இந்தக் குறும்பு?”

டக்.

அடுத்தது, கதிரையில் உட்கார்ந்து எடுத்த பெரியம்மாவின் படம். அவளும் முதுகைக் காட்டினாள்.

டக்... டக்...

மகன்மார். மருமகள்மார். ஒழுங்காக, ஒருவர் பின் ஒருவர். அந்தப் படங்களில் ஒருவரும் கைவைக்கவில்லை.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

டிலான் ஓடிப்போய் மீசைக்காரரைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். முடியவில்லை. மறுபக்கத்திலிருந்து ஆரோ பிடித்திருப்பதுபோல் இருந்ததாம். விரல்கள் பட்டனவாம்.

“விடும் தம்பி” என்றாள் புளோறன்ஸ். “பிரேதம் வெளியில போகுமட்டும் திருப்பக்கூடாது.”

“எ... என்ன பிரேதம் அக்கா?”

அவள் பின்பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிக்கொலோன் வாசனை தொண்டைக்குள் இறங்கியது.

ஒரே ஒரு படம்தான் முகம் காட்டிக்கொண்டிருந்தது. கார்க் கதவைப் பிடித்த ஆள்.

அதற்குக் கீழே ஷாமிலா.

“வணக்கம். என் பெயர்... என் பெயர்...” தாயைப் பார்த்தாள். “மம்மி, எனக்குப் பின்னால ஆரோ மூச்சு விடுகினம்.”

“சொல்லு மகள். செபஸ்தியன்.”

“என் பெயர் செபஸ்தியன்.”

பின்பக்கத்து அறையில் ஏதோ எழும்பியது.

கால்கள்... சேர்ந்து வைக்கிற கால்கள். பாரம் தூக்குகிறவர்கள் நடக்கிற மாதிரி. சர்... சர்... சர்...

மண்டபத்துக்குள் வந்தது.

ஆளில்லை.

புளோறன்ஸ் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு முன்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது.

“அதைத் திறக்காதேங்க!” ஷெரோமி கத்தினாள். “அந்தக் கதவைத் திறக்கிறேல்ல!”

“ஓம். அப்பவும் திறக்கேல்லத்தான்” என்றாள் புளோறன்ஸ். தாழ்ப்பாளைச் செருப்பால் அடித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை.

திறந்தது.

மழை உள்ளே அடித்தது.

சர்... சர்... சர்...

கதிரைகள் தானாக விலகின.

ஷெரோமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வழி விடுகிறவள் மாதிரி. தலை தானாகக் குனிந்தது.

ஏதோ ஒன்று புளோறன்ஸின் தோளில் உரசிக்கொண்டு போனது. மரம். குளிர்ந்த, வார்னிஷ் அடித்த மரம்.

அவள் வெளியே பார்த்தாள்.

கொட்டுகிற மழையில்... முன்வாசல் படிகளில்... ஓர் இடம் மட்டும் நனையவில்லை.

ஆள் நீளம்.

அது படி படியாகக் கீழே இறங்கியது. சரியாமல். நேராக.

கேற்றைத் தாண்டியது.

டக்.

எல்லாப் படங்களும் ஒரே சத்தத்தில் முகம் திரும்பின.

கரண்ட் வந்தது.

பிறகு ஷெரோமி, சுவரிலிருந்து கையை எடுக்காமலே, “டிலான்... அந்தப் பேரை மாத்துங்க” என்றாள். புளோறன்ஸ் நன்றி சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்படியால் இறங்கி வீட்டுக்குப் போனாள். சேர்ட்டிபிக்கட்டை வாங்க மறந்துவிட்டாள்.

அடுத்த கிழமை பெயர் மாற்றுகிற அன்று என்னையும் வரச்சொன்னாள். போனேன். படமும் பெயரும் ஒரே பலகையில் அச்சடித்தது என்பதால் பலகையையே கழற்றவேண்டியிருந்தது. டிலான் மருதானையிலிருந்து ஒரு தச்சனை, எங்கள் வழக்கில் பாஸை, கூட்டிவந்திருந்தான். பாஸ் ஸ்குரூ திருப்பியோடு ஏறிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, எங்களையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னான்.

அந்த மண்டபத்தில் உள்ள எந்தப் படமும் தொங்குகிற படம் அல்ல. செபஸ்தியன் உட்பட எல்லாமே புதுப் பலகைகள். நான்கு மூலையிலும் ஸ்குரூ அடித்துச் சுவரோடு இறுக்கி, ஸ்குரூத் தலைகளுக்கு மேல் வெள்ளைப் பெயின்ட் பூசியவை. திறப்புவிழாவுக்கு முதல்நாள் பூசிய அந்தப் பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை.