புடவை பைலட்

தனியாளாக மேடையேறிக் கதை நடித்துக் காட்டுவது என் தொழில். வேலை செய்யாத மைக்கை ஒரு முறையாவது தட்டிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். இப்போது திருச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் நான் நடிப்பது, விமானம் வந்த புதிதில் அதை ஓட்டிய பெண்களின் கதை. அந்த விமானங்களுக்கு மேலே கூரை கிடையாது, காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதில் புடவை கட்டிக்கொண்டே பறந்தவர்களும் உண்டு.

பஸ்ஸில் பைலட்

முதல் நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. உறையூரில் வேஷத்தோடேயே டவுன் பஸ் ஏறினேன். புடவைக்கு மேல் தோல் கோட், தலையில் தோல் தொப்பி, நெற்றியில் பெரிய கண்ணாடி. பக்கத்து சீட் அம்மா கேட்டதற்கு, பைலட் வேஷம் என்றேன். கண்டக்டர் காதில் 'பைலட்' மட்டும்தான் விழுந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் நான் பர்ஸைத் திறக்கப் போக, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லேடீஸுக்கு டிக்கெட் இல்லீங்க மேடம். பைலட்டா இருந்தாலும் ஃப்ரீதான்."

வெள்ளோட்டம்

மேடையில் நான் ஏறி உட்காரும் விமானத்தின் முன்பாதியை, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து தந்தவர் அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா பாய். எடுக்கப் போன அன்று அவர் மனைவி மும்தாஜ் அக்கா சாப்பாடு கொண்டு வந்திருந்தார். சீட் தாங்குமா என்று பார்க்க பாய் அவரை ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றிவிடச் சொன்னார். பிறகு இறங்குகிற வழியாக இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் இப்பதான் கிளம்பியிருக்கேன்."

ஸ்ரீரங்கத்தில் பரீட்சை

முன்வரிசையில் இருக்கும் பெண் நிஜமாகவே விமானம் ஓட்டுபவர், லீவில் வந்திருக்கிறார் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்கள். முடிந்ததும் அவர் மேடைக்கு வந்தார். தப்புகளை அடுக்கப் போகிறார் என்று நின்றேன். வழி சொல்ல ரேடியோகூட இல்லாமல் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்தே போனவர்களை நினைத்தால் சிலிர்க்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இறங்கும்போது மட்டும் கண்ணை மூடாதீங்க."

நின்றுபோன எஞ்சின்

மண்ணச்சநல்லூர்ப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை, பரீட்சை நேரம், சீக்கிரம் முடியுங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நான் வானத்தில் ஏறிய நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மைக் இல்லை. கழுத்துத் துணியைப் பறக்கவைக்கும் ஃபேன் இல்லை. எஞ்சின் சத்தம் வந்த ஸ்பீக்கரும் இல்லை. ஹால் நிறையப் பிள்ளைகள். இன்றோடு மானம் போயிற்று என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல், எஞ்சின் நின்றுவிட்டது என்று கத்தினேன்.

முன்வரிசையில் ஒருத்தி வாயாலேயே 'டுர்ர்ர்' என்றாள். அடுத்தவள் சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹாலே எஞ்சினாகிவிட்டது. அந்தச் சத்தத்திலேயே மலை தாண்டி, மழை தாண்டி, தொண்டை கிழியப் பேசிப் பத்திரமாக இறக்கினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் வராந்தாவில் லைட் எரிவதைக் கவனித்தேன். தலைமையாசிரியை சுவிட்ச் பலகைப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"கரண்ட் அப்பவே வந்துடுச்சுங்க. பிள்ளைங்க இவ்வளவு நல்லா ஓட்டுறப்ப எதுக்குன்னு நான்தான் அணைச்சு வெச்ச ஹால் சுவிட்சைப் போட வேணாம்னுட்டேன்."

நிஜ விமானத்தில் இன்னும் ஒரு தடவைகூடக் கால் வைக்காமல் இத்தனை பேரை ஏற்றி இறக்கியவள் திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.