சிவப்புத் தொப்பிக்காரர்கள்

எங்கள் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது சாமி படம் அல்ல, மனிதத் தலையைத் தின்னும் ஒரு கூட்டம். சுவரில் மாட்டிய ஒரு பழைய கேலிப்படத்தில் சிவப்புத் தொப்பி போட்ட எலும்பன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். சாமி படங்களை அம்மா சமையலறை அலமாரிக்குள் வைத்திருந்தாள். நடை அப்பாவின் ராஜ்யம்.

அப்பா மான்ட்ரியலில் சரித்திரப் பேராசிரியர். பிரான்சில் புரட்சி நடந்தபோது பக்கத்து நாடான இங்கிலாந்தில் அச்சடித்து விற்ற கேலிப்படங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் கோட்டைக் கழற்றுவதற்குள் பாடம் ஆரம்பித்துவிடும். "பக்கத்து நாட்டுல சிவப்புத் தொப்பி போட்ட புரட்சிக்காரன் ராஜா தலையையே வெட்டிட்டான். இங்கிலீஷ்காரனுக்குத் தன் கழுத்து கூசுது. அதான் இப்படி வரைஞ்சு வரைஞ்சு சிரிக்கிறான். பயந்தவன்தான் சத்தமா சிரிப்பான்!" சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரிப்பார்.

ஆனால் வருவதற்குத்தான் யார் இருந்தார்கள்? நாங்கள் இருந்த புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்களுக்குத் தெரிந்து தமிழ் பேசும் வீடு எங்களுடையது ஒன்றுதான். காலை ரயிலில் போகும் அப்பா இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா குக்கரோடு பேசுவாள். அது விசில் அடித்தால், "இருடி, வரேன்" என்பாள். எனக்கு ஏழு வயது, கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்கார மாமி. அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் தெரிந்த இங்கிலீஷை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். ஆனாலும் பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் டப்பா போய்வரும். கேசரியோடு போனால் ஆப்பிளோடு வரும், முறுக்கோடு போனால் ஜாமோடு வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று மாமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "போன ஜென்மத்துல நம்மூர்ல பொறந்திருப்பா" என்பாள் அம்மா.

மாமியின் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நான் அவனை அண்ணா என்பேன். அவனிடமும் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று உண்டு. பனி பெய்தால் எங்கள் வாசலையும் சேர்த்து வாரிக் கொட்டிவிட்டு, அந்தத் தொப்பியை என் மூக்குவரை இழுத்துவிடுவான். அதற்காகவே நான் பனிக்குக் காத்திருப்பேன்.

அந்த வருடம், 1970-இல், பனிக்கு முன்னால் ராணுவம் வந்தது. நகரத் தெருக்களில் துப்பாக்கியோடு நின்றது. பிரெஞ்சு பேசும் எங்கள் கியூபெக் மாகாணத்தைத் தனி நாடாக்கக் கேட்பவர்களில் சிலர் ஆள் கடத்தியதாகவும், போலீஸ் கண்டவர்களையெல்லாம் பிடிப்பதாகவும் ரேடியோ சொன்னது. ஒரு காலையில் இரண்டு பேர் அண்ணாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தொப்பி போடாமல் போகிறானே, குளிருமே என்று மட்டும் நினைத்தேன்; வீட்டில் சொல்லத் தோன்றவில்லை.

தீபாவளியன்று காலை அம்மா டப்பா நிறைய மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் மாமியே வந்தாள். ஒரு கையில் ஆப்பிள் நிரம்பிய டப்பா, இன்னொரு கையில் அண்ணாவின் போட்டோ. அம்மா காபி போட உள்ளே ஓடினாள். மாமி அப்பாவைப் பார்த்து, "ம்ஸ்யூ, ப்ளீஸ்..." என்று ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது! அவளைப் பேசவிடாமல் படத்தின் முன்னால் நிறுத்தி, இங்கிலீஷில் பாடம் தொடங்கினார். தலையைக் கடிக்கும் எலும்பனின் தொப்பியைத் தொட்டுக் காட்டி, "உங்க பையனோடதும் இதே தொப்பிதானே!" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்ததால் நானும் சிரித்தேன். மாமி படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டப்பாவை வைத்துவிட்டு, போட்டோவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா காபியோடு வந்து, "எங்கே அவ?" என்றாள்.

"ஏதோ அவசரம் போல. படத்தை எவ்வளவு நேரம் பார்த்தா தெரியுமா!" அப்பாவுக்கு ஒரே பெருமை.

அதன் பிறகு மாமி வரவில்லை. அம்மா வேலை ஓடாமல் தவித்தாள். பாகு முத்திப் போச்சோ, நெய் வாடை அவளுக்கு ஆகலையோ என்று தன் மைசூர்பாகையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னைக் கேட்டாள்: "அன்னிக்கு அவ கையில என்னடி வச்சிருந்தா?"

"அண்ணா போட்டோம்மா. அண்ணாவைத்தான் ரெண்டு பேர் கார்ல ஏத்திட்டுப் போயிட்டாங்களே."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவமே! இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச மனுஷன், நமக்காக நாலு பேர்கிட்ட கேப்பாருன்னு நம்பி வந்திருக்காளே!"

அப்பா வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "என் படம் எங்கே?" என்றார்.

"கட்டிலுக்கு அடியில. அவ புள்ளையப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருக்கு. நீங்க அவளுக்குப் படம் காட்டிச் சிரிச்சிருக்கீங்க."

அம்மா கேசரி கிளறி டப்பாவில் போட, அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடவே வந்தார். மூன்று பேரும் மாமி வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே விளக்கு எரிந்தது, திரை ஒருமுறை அசைந்தது. அப்பா எத்தனை தட்டியும் கதவு திறக்கவில்லை. டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை அது எங்கள் வாசற்படியில் இருந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். ஆப்பிள் இல்லை, ஜாம் இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தாள் மாமி. உள்ளே என் முகம் தெரிந்தது.

"அம்மா, பாரேன், எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்று ஆசையாக நீட்டினேன்.

அம்மா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை சுத்தமான டப்பாவைப் பார்த்து யாராவது அழுவார்களா என்று எனக்குப் புரியவேயில்லை.