சோறு மட்டும்தான் சாப்பிடுகிறேன்

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய ஒனிஹங்காவில் எங்கள் தெருக்காரர்கள் மாலையானால், பால்காரர் எடுத்துப்போக வெறும் பால்போத்தல்களை வாசலில் வைக்கிறார்கள். நான் வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் ஒரு குழாய் ரத்தமும் கொடுத்துவிட்டு வருகிறேன். முப்பத்தொரு வயதில் எனக்குப் பக்கவாதம் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். தொழிற்சாலையில் தேநீர்க் கோப்பை இடது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனால் கை என் சொல் கேட்கவில்லை. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதாம். அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது. இன்னொன்று போனால் கையோடு நிற்காது என்றார் டாக்டர். அதைத் தடுக்கத்தான், ரத்தம் உறையாமலிருக்க விழுங்கும் வார்ஃபரின் குளிசை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ரத்தம்.

குளிசையை நான் ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனாலும் சோதனையில் ரத்தம் சீக்கிரமே உறைந்தது. தாதி ஜூடி, மருந்தைத் துப்பிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சோறு என்றேன். வேறு? வேறொன்றுமில்லை. நான் பொய் சொல்லவில்லை. நம்மவர் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? சுற்றிக் கிடக்கும் கறிகளை யார் சாப்பாட்டில் சேர்த்துச் சொல்கிறார்கள்? குளிசையைக் கூட்டினார்கள். படுக்கும்போது விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்வேன். பயமாக இருந்தது.

அடுத்த வாரம் என் மனைவி பவானியும் வந்தாள், ஜூடிக்கு அன்பளிப்பாக ஒரு கட்டு சில்வர்பீட் கீரையோடு. எங்கள் பின்வளவில் அது காடாக வளர்ந்திருந்தது.

“இவருக்கு ரத்தம் ஊறட்டும் எண்டு ரெண்டு நேரமும் கடைஞ்சு குடுக்கிறன். அதையும் சொல்லுங்கோ” என்றாள்.

நான் பெருமையோடு ஆங்கிலத்தில் சொன்னேன். ஜூடி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பச்சைக் கீரையில் இருக்கும் சத்து ரத்தத்தை உறையச் செய்யும் என்றார். நான் விழுங்கிய குளிசைகளோடு இத்தனை வாரமும் அது மல்லுக்கட்டியிருக்கிறது.

நான் தமிழில் சொன்னதும் பவானி அழுதுவிட்டாள். “நானெல்லோ உங்களைக் கொல்லப் பாத்திருக்கிறன்.”

கீரையை நிறுத்த வேண்டாம், நாளும் ஒரே அளவாகக் கொடுத்தால் போதும், குளிசையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்று ஜூடி அவள் தோளைத் தொட்டுச் சொன்னார். கீரைக்கட்டை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

இப்போது ரத்தம் சொன்னபடி கேட்கிறது. பவானி ஒரு அகப்பைக் கீரை அளந்து வைக்கிறாள். இடது கைக்குப் பயிற்சியாக முள்ளுக்கரண்டி பிடிக்க ஆஸ்பத்திரியில் பழக்கியிருக்கிறார்கள். ஊரில் சாப்பாட்டில் இடது கை வைத்தால் அம்மா அடிப்பார். இங்கே வலது கை கீரையும் சோறும் குழைக்கிறது. எல்லாவற்றையும் இந்த நாட்டிலேயே மறுபடி கற்றுக்கொண்ட இடது கை, அதே தட்டில் உருளைக்கிழங்கைத் துரத்துகிறது. சில நாள் கரண்டி நழுவி விழும். பவானியும் நானும் அப்படியே உறைந்துபோவோம். நான் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டிய பிறகுதான் சிரிப்போம்.