கூடத்தில் மூன்று துண்டுகள்

எங்கள் ஊர் ஈக்களுக்கு மரியாதை தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்தில் குடியிருந்த எவரும் பகலில் முகத்தைத் திறந்துபோட்டுத் தூங்க முடியாது. ஊறுகிற தோலை விட்டுவிட்டு நேரே நம் உதட்டில் வந்து உட்காரும். ஆகவே மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் வரிசையாகச் சாய்ந்து, தலையோடு துண்டைப் போர்த்திக்கொள்வார்கள். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கும் இது தெரியாததல்ல. எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்தான்.

அத்தை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு. விஷஜுரம் ஜனங்களை வாரிக்கொண்டு போன வருஷம் அவள் வீட்டுக்கே வரவில்லை. அது ஓய்ந்து வெகு நாள் கழித்து, பெண் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று அப்பா வற்புறுத்தித்தான் வந்தாள். கண்டவர்களையும் தொடுகிற பெண் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. திருப்பத்தூரிலிருந்து வந்த இவர்களோ கை நனைக்கச் சம்மதித்துவிட்டார்கள். கை நனைத்தால் கல்யாணம் பாதி முடிந்தமாதிரி. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, எங்கள் கூடத்திலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார். கூட வந்த இருவரும் அவர் பக்கத்தில் படுத்தார்கள்.

வெற்றிலைத் தட்டோடு வந்த அத்தை நிலைப்படியில் நின்றுவிட்டாள். தட்டு கீழே விழுந்தது. ஓடிப்போய் மண்டிபோட்டு, மாப்பிள்ளையின் அப்பா முகத்துத் துண்டைப் பிடுங்கி, மூக்கருகே விரலை வைத்தாள். மார்பில் காதை வைத்தாள்.

"இன்னாய்யா இது! பொண்ணுக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று அலறி எழுந்தார் மனிதர். அதற்குள் அத்தை அடுத்தவர் துண்டை இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஏதோ விளையாட்டு என்றே நினைத்தேன்.

சாயங்கால ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தும் அவர்கள் அப்போதே கிளம்பிவிட்டார்கள். அப்பா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஏம்மா இப்டிப் பண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த வருஷம் வராண்டா பூரா இப்டித்தாண்ணா படுக்க வச்சிருந்தோம். ஒரு பொம்பளைக்கு நான்தான் துணிய இழுத்து மூடினேன். எடுத்துட்டுப் போக ஆளுங்க வந்தப்போ அவளுக்கு மூச்சு இருந்திச்சி."

அப்பா தரையில் சிதறிய வெற்றிலையைப் பொறுக்கினார். எனக்கு மட்டும் ஒரே சந்தோஷம். செத்தவள் சாகவில்லை என்றால் நல்ல சேதிதானே, இதற்கு அத்தை ஏன் அழவேண்டும்?

"அப்போ அவங்க பொழச்சிட்டாங்களா அத்தே?" என்று அவள் மடியில் ஏறினேன்.

அத்தை என்னைப் பாயில் படுக்கவைத்து, கிடந்த துண்டைத் தூரத் தள்ளிவிட்டு, விசிறியை எடுத்து ஈ ஓட்ட ஆரம்பித்தாள். அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. விசிறி இன்னும் நிற்கவில்லை. அவள் கண் மட்டும் என் மார்பிலேயே இருந்தது. சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து தேடினேன். ஒன்றையும் காணோம்.